நல்லவர்தான், பக்கத்தில் இருந்தவர்கள்தான்…

வட இங்கிலாந்தின் டர்ஹாம் ஆயர் வால்ச்சரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இன்றுவரை ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: மனிதர் நல்லவர், சுற்றியிருந்தவர்கள்தான் சரியில்லை. 900 வருடங்களுக்கு முன்பு துறவிகளின் ஏடுகளிலேயே தொடங்கிய சமாதானம் இது. துறவிகளுக்குக் காரணம் இருந்தது. பாழடைந்து கிடந்த ஜாரோ மடத்தை அவர்களிடம் ஒப்படைத்தவர் அவர். நாம் ஏன் அதை ஒப்புவிக்கவேண்டும்?

லியேஜிலிருந்து வந்த இந்தக் குருவை 1071 இல் ஆயராக்கியவன் நார்மன் அரசன் வில்லியம். 1076 இல் நார்தம்பிரியாவின் ஏர்ல் வால்தியோஃபின் தலை வெட்டப்பட்டதும் அந்தப் பதவியும் வால்ச்சரிடம் வந்தது. பணம் கொடுத்து வாங்கினார் என்றும் ஒரு பழைய குறிப்பு உண்டு. ஆக, பாவமன்னிப்பும் வரியும் வழக்கும் படையும் ஒரே ஆளின் கையில். டர்ஹாமின் ‘இளவரச ஆயர்’ வரிசையை இவரிலிருந்தே பலர் தொடங்குவது இதனால்தான்.

நிர்வாகத்தை உறவினன் கில்பர்ட்டிடம் விட்டார். உள்ளூர்ப் பெருங்குடியைச் சேர்ந்த லியுல்ஃப் ஆயருக்கு ஆலோசகர், மக்களுக்கும் வேண்டியவர். ஆயரின் குரு லியோப்வினுக்கு அது பொறுக்கவில்லை. அவன் தூண்டிவிட, கில்பர்ட் ஓர் இரவில் லியுல்ஃபை வீட்டாரோடு கொன்றான். யாரிடம் போய் முறையிடுவது? கோயிலுக்குப் போனால் அங்கே வால்ச்சர். வழக்குமன்றத்துக்குப் போனாலும் வால்ச்சர்.

தனக்குத் தொடர்பில்லை என்று அவர் ஆளனுப்பிச் சொன்னார். சத்தியம் செய்யவும் தயாராயிருந்தார். கொலைகாரர்களையோ கூடவே வைத்திருந்தார். 1080 மே 14 அன்று கேட்ஸ்ஹெட்டில் சமாதானம் பேசப் போனபோதும் அவர்கள் அவருடன்தான் வந்தார்கள். இதைப் பலவீனம் என்கிறார்கள். கோட்டையும் படையும் வைத்திருந்தவருக்கு என்ன பலவீனம்? கூட்டம் தேவாலயத்தைச் சூழ்ந்த பிறகுதான் கில்பர்ட்டை வெளியே அனுப்பத் துணிவு வந்தது. பிறகு தேவாலயத்துக்கே தீ வைத்தார்கள். அங்கியால் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்த ஆயரை வெட்டினார்கள். அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயருடன் வந்த, எதிலும் சம்பந்தப்படாதவர்களும் அன்று செத்தார்கள். ஆனால் அந்த மக்களை வெறியர் என்று எழுதி முடித்துவிடுபவர்கள், அவர்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று ஒருதரம் சொல்லட்டும்.

பழிவாங்க வில்லியம் அனுப்பியது ஒரே தாய் வயிற்றுத் தம்பி ஓடோவை. கொன்றவர்கள் ஓடித் தப்ப, வீட்டோடு இருந்தவர்கள் தலையிழந்தார்கள், ஊர்கள் அழிந்தன. ஓடோவும் ஆயர்தான்: பாயூவுக்கு ஆயர், கென்ட்டுக்கு ஏர்ல்.