எழுதப்படாத பணி, செய்யப்படாத பணியா?

இலண்டனின் புறநகர்ப் பகுதிகளில், பொழுது புலருமுன்னரே பேருந்துத் தரிப்பிடங்களில் குளிரில் நிற்கும் பெண்களுள் எம்மவரும் இருக்கின்றனர். முதியோரின் வீடுகளுக்குச் சென்று, அவர்களை எழுப்பி, கழுவித் துடைத்து, உடை மாற்றி, உணவும் குளிசையும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு விரையும் இல்லப் பராமரிப்புப் பணியாளர்கள் இவர்கள். தாயகத்தில் விட்டுவந்த தமது பெற்றோருக்குச் செய்யமுடியாததை, இங்கு யாரோ ஒரு தாய்க்கும் தந்தைக்கும் செய்துகொண்டிருப்பவர்கள்.

அண்மையில் இவர்களுள் ஒரு சகோதரி தமது சம்பளச் சிட்டையுடன் எம்மிடம் வந்தார். அம்மாதத்தில் தாம் சென்ற ஒன்பது வருகைகளுக்குச் சம்பளம் இல்லை என்றார். சென்றது உண்மை. குளிப்பாட்டி உணவூட்டியதும் உண்மை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கைத்தொலைபேசியிலுள்ள செயலியில் வருகையைப் பதிந்தவர், சில நாட்களில் வெளியேறும்போது பதிய மறந்துவிட்டார். வேறு சில நாட்களில் பதிந்தார். ஆனால் நிலக்கீழ் வீடொன்றில் அலைத்தொடர்பு இல்லாமையால் பதிவு அலுவலகத்தைச் சென்றடையவில்லை. அது சென்றடைந்ததா என்று பார்க்கும் இடம் எதுவென அவருக்கு எவரும் காட்டவுமில்லை.

"நான் செய்த வேலைக்கு நானே சாட்சி எண்டு நினைச்சன், சேர்" என்றார், பதினொரு ஆண்டுகள் இத்தொழிலில் நின்ற அந்தப் பெண்.

இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றாடக் குறிப்புகளை இரவில் தமது பதினான்கு வயது மகளே எழுதுகின்றாள் என்றார். எந்த முதியவருக்கு எந்த நோய், யார் படுக்கையை நனைக்கின்றார், யார் நினைவு தடுமாறுகின்றார் என்பதெல்லாம் அந்தச் சிறுமிக்குத் தெரியும். பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஒருவரின் உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்புக்குரியது. அதை மீறுகின்றோம் என்பதை அத்தாய் அறியார். அறிந்திருந்தாலும் வேறு வழி என்ன இருந்தது?

முன்னர் ஒவ்வொரு முதியவரின் வீட்டிலும் ஒரு கடதாசிக் கோவை இருந்தது. பணியாளர் அதில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுச் செல்வார். இன்று அந்தக் கோவை கைத்தொலைபேசிக்குள் சென்றுவிட்டது. இங்கிலாந்தில் 2021 டிசெம்பரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, பராமரிப்பு நிறுவனங்களில் குறைந்தது 80 வீதமானவை 2024 மார்ச்சுக்குள் கணினிப் பதிவுக்கு மாறவேண்டும் என்று இலக்கு வைத்தது. நிறுவனங்கள் மாறின. பணியாளரின் கையில் கருவி வந்தது. பல இடங்களில் அதனுடன் வந்த பயிற்சி, ஒரு காணொளியும் ஒரு கடவுச்சொல்லும் மட்டுமே.

இம்மாற்றம் தவறானது என்று நாம் வாதிட வரவில்லை. காலையில் வரும் பணியாளர் முதியவரின் குதிக்கால் சிவந்திருப்பதைக் காண்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அது படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனை அவர் உடனே பதிந்தால், மாலையில் வருபவர் காலை உயர்த்தி வைப்பார். அலுவலகம் தாதிக்கு அறிவிக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் பிழைத்துவிடுமோ என்றஞ்சி 'எல்லாம் நலம்' என்ற கட்டத்தை மட்டும் அழுத்திவிட்டுப் போனால், சில நாட்களில் அங்கே புண் இருக்கும். மருந்தின் நிலையும் இதுவே. காலைக் குளிசை கொடுக்கப்பட்டது பதிவாகாவிடின், அடுத்து வருபவர் அதனை மீண்டும் கொடுத்துவிடக்கூடும். 2017 இல் வெளியான தேசிய சுகாதார, பராமரிப்பு மேன்மை நிறுவனத்தின் வழிகாட்டல், மருந்துக்கு உதவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே பதியவேண்டும் என்று கூறுவது இதனாலேயே.

இக்கருவி வேவு பார்க்கும் கருவியுமல்லவா என்று சிலர் கேட்பர். ஆம். பணியாளர் எந்த நிமிடம் எந்த வாசலில் நின்றார் என்பதை அது அலுவலகத்துக்குச் சொல்கின்றது. ஆனால் அதே பதிவு பணியாளருக்கும் சாட்சியாகும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் பயண நேரமும், குறைந்தபட்ச ஊதியத்தைக் கணிக்கையில் பணிநேரமாகக் கொள்ளப்படவேண்டும் என்பதை 2013 இல் தொழில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது. அந்த உரிமையைக் கேட்கப் புறப்பட்ட நேரமும் சேர்ந்த நேரமும் கையில் வேண்டும். பதிவை வாசிக்கத் தெரியாதவருக்கு அது காவற்காரன். வாசிக்கத் தெரிந்தவருக்கு அது கணக்குப் புத்தகம்.

அப்படியாயின் எம் பெண்கள் ஏன் தயங்குகின்றனர்? அவர்களுக்கு இயலாது என்பது பொய். நான்கு நாடுகளிலுள்ள உறவினரை ஒரே திரையில் கூட்டி முகம் பார்த்துப் பேசுபவர்கள் அவர்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதும் அதே தொலைபேசியில்தான். குறைவது அறிவன்று, பிழை விடுவதற்கான துணிவு.

இத்துணிவு எங்கே தொலைந்தது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தஞ்சம் கோரிய நாளில் ஓர் அதிகாரியின் முன் அமர்ந்து சொன்ன ஒவ்வொரு சொல்லும் எழுதப்பட்டது. ஒரு திகதி மாறியதற்காக, ஓர் ஊரின் பெயர் பிறழ்ந்ததற்காக, 'முரண்பாடு' என்று எழுதிக் கோரிக்கையை நிராகரித்த கடிதங்களை நாம் கண்டிருக்கின்றோம். பதிவில் விழும் பிழை தமக்கெதிராகத் திரும்பும் என்பதே இந்நாடுகளில் எம்மவர் கற்ற முதற் பாடம். அப்பாடத்தைக் கற்றவரின் கையில் ஒரு திரையைக் கொடுத்து, 'பயப்படாமல் எழுதுங்கள்' என்றால் எப்படி எழுதுவார்? எழுதாமல் விடுவதே பாதுகாப்பு என்றுதான் அவர் எண்ணுவார். ஆனால் இத்தொழிலில் எழுதாமல் விடுவதே ஆபத்து.

தாயகத்தில் நாம் விரிவுரையாளராக இருந்த காலத்தில், எமது துறையின் மூத்த எழுதுவினைஞர் ஒருவர், மேசைக்கு வந்த கணினியை மாதக்கணக்காகத் துணியால் மூடியே வைத்திருந்தார். தட்டச்சில் அவருக்கு நிகர் எவருமில்லை. இரண்டு நாட் பயிற்சிக்கு அனுப்பினோம். போய் வந்தும் துணி விலகவில்லை. பின்னர் ஓர் இளம் உதவியாளர் ஒரு கிழமை அவரருகே அமர்ந்தார். விசைப்பலகையைத் தாம் தொடாமல், அவருடைய அன்றாடக் கடிதங்களையே அவரைக் கொண்டு அடிப்பித்தார். அழிந்துபோன கடிதத்தை மீட்டுக் காட்டினார். பிழை திருத்தக்கூடியது என்பதைக் கண்ட நாளில் அந்தத் துணி கழன்றது.

தொழில்தருநரிடம் நாம் கேட்கவேண்டியவை இவைதாம். உண்மையான முதியவரின் விபரம் எதுவுமில்லாத ஒரு பயிற்சிப் பதிவேடு வேண்டும். அதில் பிழை விட்டுப் பழகலாம். முதற் கிழமைகளில் அருகே நிற்க, பொறுமையுள்ள ஒரு சக பணியாளர் வேண்டும். எழுதிய குறிப்பைத் திருத்துவது எப்படி, அது சென்றடைந்ததா என்று அறிவது எப்படி என்பவை முதலில் கற்பிக்கப்படவேண்டும். இவையாவும் சம்பளத்துடன் கூடிய நேரத்தில் நடைபெறவேண்டும். கட்டாயப் பயிற்சி நேரமும் பணிநேரமே. 2015 ஏப்ரலில் அறிமுகமான பராமரிப்புச் சான்றிதழின் அளவுகோல்களுள் தகவலைக் கையாளுதலும் ஒன்று. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று.

எமது சமூகத்துக்கும் ஒரு கடமையுண்டு. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் நடைபாதைகளில் தாய்மார் இரண்டு மணிநேரம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கின்றனர். அந்நேரத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட முடியாதா? 'பாதி உண்டார்', 'மருந்தை மறுத்தார்', 'தோல் சிவந்துள்ளது' என்பன போன்ற நாற்பது வசனங்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்க முடியாதா? கற்பிக்க வரும் இளையோருக்கு ஒரு விதி போதும்: தொலைபேசியை அம்மாவின் கையிலிருந்து வாங்காதீர்கள். நீங்கள் செய்து கொடுத்தால் அன்றிரவு வேலை முடியும். அம்மாவின் அச்சம் முடியாது.

தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. உங்களுட் பலருக்கு இன்று தொழில் செய்ய அனுமதியில்லை. ஆனால் கற்பதற்கு வழிகள் உண்டு. பொது நூலகங்களில் கணினிகள் உள்ளன. அடிப்படைக் கணினித் திறன் குறைந்த, 19 வயதுக்கு மேற்பட்டோருக்கு இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டிலிருந்து கட்டணமற்ற கல்விக்கு உரித்துண்டு. அதற்கான தகுதி குடிவரவு நிலையைப் பொறுத்தது. அருகிலுள்ள கல்லூரியில் கேட்டறியுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது தாமே எழுதுகின்றார். வசனம் சிறியது, எழுத்துப் பிழையும் உண்டு. ஆனால் மகள் இரவில் தன் பாடத்தைப் படிக்கின்றாள். ஒன்பது வருகைகளுள் ஆறுக்கு, முதியவர்களின் பிள்ளைகள் சாட்சி சொன்னதால் பணம் கிடைத்தது. மற்றைய மூன்றும் இன்றுவரை கணக்கில் இல்லை. அந்த மூன்று நாட்களிலும் அவர் அங்கே இருந்தார்.