வென்ற அணி ஏன் விழுந்தது? செஞ்சிக் கோட்டை சொல்லும் பாடம்

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் 28 கிலோமீட்டர் போனால் செஞ்சி. பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே மலைகள் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து ஒரே மதில். 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்த ஊர்ப் பையன்கள் பந்து உதைப்பதைப் பார்க்கலாம். பார்க்கிற பெற்றோருக்கு மனத்தில் ஒரு கேள்வி எழும்.

"பந்து விளையாடினால் சோறு போடுமா?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், நம் தலைநகரத்துக் கால்பந்துக் கழகம் ஒன்றின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிகரத்தில் ஒரு நாள்

அந்தக் கழகத்தின் பெயர் "சென்னையின் எப்.சி." பெயரே அப்படித்தான். இந்தியன் சூப்பர் லீக் என்ற போட்டியில் ஆடும் கழகம் அது. ஆட்டக்காரர்களுக்கு ஆடுவதுதான் தொழில். மாதச் சம்பளம் உண்டு.

2015-ல் இந்த அணி கோவாவை 3-2 என்று வென்று முதல் பட்டம் பெற்றது.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் மறுபடியும் இறுதி ஆட்டம். எதிரி பெங்களூர் அணி. மைதானமும் அவர்களுடையது. கூடியிருந்த கூட்டமும் அவர்களுடையது. 9-வது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார்.

சென்னை அணி அசரவில்லை. மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். ரபேல் அகஸ்டோ ஒரு கோல் போட்டார். முடிவு 3-2. பட்டம் இரண்டாவது முறையாகச் சென்னைக்கு வந்தது.

வியாசர்பாடியிலிருந்து வந்த தன்பால் கணேஷ் அந்த வெற்றி அணியின் நடுக்களத்தில் நின்று ஆடியவர். நம் ஊர்ப் பிள்ளை பெரிய மேடையில் ஆடுகிறான் என்று தமிழ் ரசிகர்கள் பூரித்துப் போனார்கள்.

பாதாளத்தில் ஓர் ஆண்டு

அடுத்த பருவம் 2018 செப்டம்பர் கடைசியில் துவங்கியது. முதல் ஆட்டம் அதே பெங்களூரில். 1-0 என்று தோல்வி.

அதன் பிறகு தோல்வி மேல் தோல்வி!

18 ஆட்டம் ஆடினார்கள். வெற்றி 2. சமன் 3. தோல்வி 13. மொத்தம் 9 புள்ளி. 10 அணிகளில் 10-வது இடம். சாம்பியனாக இருந்த அணி ஒரே ஆண்டில் கடைசி அணி ஆகிவிட்டது.

பயிற்சியாளர் மாறவில்லை. பட்டம் வாங்கித் தந்த ஜான் கிரிகரிதான் அப்போதும் பயிற்சியாளர். பிறகு ஏன் விழுந்தது?

தன்பால் கணேஷுக்கு முழங்காலில் காயம். லீக் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. முந்தைய பருவத்தில் 9 கோல் போட்ட ஜேஜேயின் காலில் இந்தப் பருவம் கோல் வறண்டு போயிற்று. முன்னால் நின்றவர்கள் தளர்ந்தபோது, அந்த இடத்தை நிரப்பப் பின்னால் தக்க ஆள் இல்லை. பலவீனம் அங்கேதான் இருந்தது.

கோட்டை எப்படி நின்றது?

இப்போது செஞ்சிக்குத் திரும்புவோம்.

சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் 1689-ல் இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் பெரும் படையோடு வந்து முற்றுகை இட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். கிட்டத்தட்ட எட்டு ஆண்டுகள்!

மதில் மட்டுமா கோட்டையைக் காத்தது? இல்லை. உள்ளே பெரிய நெற்களஞ்சியம் இருந்தது. இன்றும் போனால் பார்க்கலாம். மலை மேலேயும் கீழேயும் சுனைகளும் குளங்களும் இருந்தன. ஒரு மலை போனாலும் ஏறி நின்று போராட இன்னொரு மலை இருந்தது.

வாசலில் நிற்கும் வீரனை எல்லோரும் பார்க்கிறார்கள். களஞ்சியத்தில் இருக்கும் நெல்லை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் நெல் தீர்ந்தால் வீரன் நிற்க மாட்டான்.

விளையாட்டுக் கழகமும் அப்படித்தான். களத்தில் நிற்கும் பதினொரு பேர் மதில். வெளியே காத்திருக்கும் ஆட்டக்காரர்கள்தான் களஞ்சியம்.

ஐரோப்பாவில் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டத்தைப் பாருங்கள். 2025 ஜூனில் மும்பையில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி லீக்கில் சென்னை அணிதான் பட்டம் வென்றது. ஐரோப்பாவில் பக்கத்துக்கு 15 பேர் ஆடுவார்கள். அங்கே ஒரு கழகம் உள்நாட்டு லீக்கிலும் ஆட வேண்டும். அதே பருவத்தில் பிற நாட்டுக் கழகங்களோடும் மோத வேண்டும். பிரான்ஸ் நாட்டின் துலூஸ் கழகம் 2024-ல் அயர்லாந்தின் லென்ஸ்டர் கழகத்தை 31-22 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. அடுத்த மாதமே போர்தோவை 59-3 என்று நொறுக்கிப் பிரெஞ்சுப் பட்டத்தையும் வாங்கியது. அந்தக் கழகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் நாட்டுக்காக ஆடப் போகும் வாரங்களில், கழகமே வளர்த்த இளைஞர்கள் களம் இறங்குவார்கள். களஞ்சியம் நிறைந்திருந்தது, கை நிறைய வெற்றி கிடைத்தது.

கடல் கடந்த போட்டி

லீக்கில் கடைசி இடம் பெற்ற சென்னை அணிக்கு அதே பருவத்தில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. முந்தைய ஆண்டின் சாம்பியன் என்பதால் ஆசியக் கோப்பைக்கான கழகங்களின் போட்டியில் இடம் கிடைத்தது. ஆசியாவில் அன்று இது இரண்டாம் தரப் போட்டி. பெயர் ஏ.எப்.சி. கோப்பை.

2019 மார்ச்சில் முதல் சோதனை இலங்கையின் கொழும்பு அணியோடு. கொழும்பில் 0-0. மறு ஆட்டத்தில் ஜேஜே கோல் போட்டார், 1-0 வெற்றி.

அடுத்து நான்கு கழகங்கள் அடங்கிய பிரிவு. டாக்காவின் அபஹானி, நேபாளத்தின் மனாங், பஞ்சாபின் மினர்வா ஆகியவை எதிரிகள். ஆறு ஆட்டங்களில் சென்னைக்கு 3 வெற்றி, 2 சமன், ஒரே ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வி டாக்காவில், 3-2 என்று.

கடைசி நாள் 2019 ஜூன் 26. சென்னை மனாங்கை 3-2 என்று வென்று 11 புள்ளி பெற்றது. அதே நாளில் அபஹானியும் மினர்வாவும் மோதின. அது சமனாக முடிந்திருந்தால் அபஹானிக்கும் 11 புள்ளிதான். ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் அபஹானி ஒரு கோல் போட்டுவிட்டது. 13 புள்ளியோடு அது முதலிடம் பெற்றது. பிரிவில் முதல்வருக்கே அடுத்த சுற்று. சென்னை வெளியேறியது.

லீக்கில் 13 முறை தோற்ற அணி, ஆசியாவில் ஒரே முறைதான் தோற்றது! இடையில் என்ன நடந்தது? ஜனவரியில் கேரளத்து அணியிலிருந்து சி. கே. வினீத், ஹாலிசரண் நர்சாரி ஆகிய இருவரைக் கடனாக வாங்கி வந்தார்கள். களஞ்சியத்தில் கொஞ்சம் நெல் விழுந்தது. உடனே அணிக்கு உயிர் வந்தது.

வீடு எங்கே?

இன்னொரு குறையும் உண்டு. ஆசியப் போட்டியில் சென்னை அணி "சொந்த ஊர்" ஆட்டங்களை எங்கே ஆடியது தெரியுமா? குஜராத்தில், அகமதாபாத்தில்! சென்னையிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

செஞ்சியிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டுச் சென்னைக்குப் போய் ஓர் ஆட்டம் பார்த்துத் திரும்பலாம். அகமதாபாத் போக முடியுமா? சொந்த ஜனங்களின் ஆரவாரம் ஓர் அணிக்குச் சுனை நீர் மாதிரி. அந்தச் சுனை அன்று எட்டாத தூரத்தில் இருந்தது.

படி இல்லாத மலை

அதே பருவத்தில் இன்னொரு தமிழ்நாட்டுக் கழகம் சாதனை புரிந்தது. அதன் பெயர் சென்னை சிட்டி. கோயம்புத்தூரில் ஆடிய அணி. ஐ-லீக் என்ற தேசியப் போட்டியில் 43 புள்ளி பெற்று, 42 புள்ளி பெற்ற கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் வென்றது.

ஆனால் அன்றைய விதி என்ன? சூப்பர் லீக்கில் கடைசியாக வந்த அணி கீழே இறங்க வேண்டியதில்லை. ஐ-லீக்கில் முதலாவதாக வந்த அணி மேலே ஏற வழியும் இல்லை. அப்படி ஏறும் வழி 2023-ல்தான் திறந்தது. முதலில் ஏறியது பஞ்சாப் அணி. சென்னை சிட்டியோ 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் ஆடவே இல்லை.

சூப்பர் லீக்கில் தங்கிய சென்னையின் அணி ஆட்களைச் சேர்த்து எழுந்தது. அடுத்த பருவத்திலேயே இறுதி ஆட்டம் வரை வந்தது. 2020 மார்ச் 14 அன்று கல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றது. ஒருவருக்கு எழுந்து நிற்க அவகாசம் கிடைத்தது. மற்றவருக்கு ஏறப் படியே இல்லை.

சோறு போடுமா?

இனிப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம்.

திறமை இருந்தால் பந்து சோறு போடும். ஆனால் எப்போதும் போடும் என்று நம்பி இருக்க முடியாது. 2025-ல் நடந்ததே சாட்சி. போட்டியை நடத்தும் உரிமைக்கான ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசம்பரில் முடிய இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் முடிவு வரவில்லை. வழக்கமாக செப்டம்பரில் துவங்கும் சூப்பர் லீக் துவங்கவில்லை. சில கழகங்கள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. தவறு ஆட்டக்காரருடையது அல்ல. ஆனாலும் அடுப்பு அணைந்தது அவர் வீட்டில்தான்.

ஆகவே பிள்ளையைத் தடுக்க வேண்டாம். பந்தையும் பிடுங்க வேண்டாம். அதோடு படிப்பையும் விட வேண்டாம். காலில் பந்து இருக்கட்டும். கையில் புத்தகமும் இருக்கட்டும். அதுதான் அவன் வீட்டுக் களஞ்சியம்.

கழகங்களை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வீரரை வாங்கினால் ஒரு பருவம் வெல்லலாம். ஊருக்கு ஊர் மைதானமும், மாவட்டத்துக்கு மாவட்டம் போட்டியும், கீழிருந்து மேலே ஏறப் படியும் இருந்தால்தான் பல பருவம் நிற்கலாம்.

செஞ்சி ராஜகிரி உச்சிக்கு யாரும் தாவி ஏறுவதில்லை. படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள். அந்தப் படியைக் கட்டிக் கொடுத்தால், அடிவாரத்தில் பந்து உதைக்கும் பையனும் ஒரு நாள் உச்சிக்கு வருவான்.