தட்டின் கொள்ளளவும் இணைப்பு முறையும்

புது தில்லி, துவாரகாவின் 8-ஆம் செக்டரில் மத்திய அரசின் என்.ஐ.இ.எல்.ஐ.டி. நிறுவனத் தலைமையகம் அமைந்துள்ளது. 2011 வரையில் டோயேக் சங்கம் என வழங்கிய இந்நிறுவனம் அளித்துவரும் பயிற்சிகளுள் கணிப்பொறிப் பராமரிப்பும் ஒன்று. அப்பயிற்சி பெற்றோர்க்கு எளிதில் விளங்கும் ஓர் உண்மை, கொள்முதல் பட்டியல் எழுதுவோர்க்கு இன்னும் எட்டவில்லை போலும். தட்டு எத்தனை ஜி.பி. என்று எழுதுகின்றனர், அது எம்முறையில் இணைவது என்பதை எழுதுவதில்லை.

முற்காலத்து ஐ.டி.இ. தட்டு, 40 ஊசிகளுடைய அகன்ற நாடாவால் இணைக்கப்பட்டது. நொடிக்கு 133 மெகாபைட்டே அதன் உச்ச வரம்பு. 2003-இல் வெளிவந்த சாட்டா முறை அந்நாடாவை மெல்லிய வடமாகச் சுருக்கியது. 2009-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 600 மெகாபைட். சுழலும் வன்தட்டுக்கு இது மிகையே. ஆயின் சுழற்சியற்ற ஃபிளாஷ் தட்டில் பல சில்லுகளை ஒருங்கே படிக்கலாமாதலின், அதற்கு இவ்வழி குறுகலாயிற்று. சாட்டாவில் கட்டளைகள் ஒரே வரிசையில், 32 அளவே நிற்க இயலும். ஒரே சன்னலுடைய அஞ்சலகம் போன்றது அது. 2011-இல் வகுக்கப்பட்ட என்.வி.எம்.இ. முறையிலோ 65,000-க்கும் மேற்பட்ட வரிசைகளுக்கு இடமுண்டு.

பின்னது வேகமிக்கது என்பதில் ஐயமில்லை. எனினும் எல்லாப் பள்ளிக்கும் அது வேண்டுமென்பது பொருந்தாது. பழைய கணிப்பொறி மந்தமாவதற்குப் பெரும்பாலும் காரணம், வன்தட்டின் முனை உரிய இடத்தைத் தேடிச் செல்லும் தாமதமே. ஒவ்வொரு தேடலிலும் பத்து மில்லி நொடி அளவு கழிகிறது. சாட்டா ஃபிளாஷ் தட்டு ஒன்றைப் பொருத்தினாலே அத்தாமதம் நீங்கும். இதனை ஆராயாது கணிப்பொறியையே கழித்துவிடும் வழக்கம் வருந்தத்தக்கது.

மிகுந்த குழப்பம் எம்.2 அட்டையில்தான். உருவம் ஒன்றே, உள்ளே இயங்கும் முறை சாட்டாவாகவும் இருக்கலாம், என்.வி.எம்.இ. ஆகவும் இருக்கலாம். பொருத்துவாயில் தடையின்றி நுழைந்த அட்டையைத் தாய்ப்பலகை அறியாதிருப்பதும் உண்டு. ‘எம்.2, 512 ஜி.பி.’ என்று மட்டும் எழுதிய அலுவலகம் அதனைத் திருப்பியனுப்பவும் வழியில்லை, கேட்டதுதானே வந்தது! ஆகையால் பட்டியலில் இணைப்பு முறையையும், கணிப்பொறியின் மாதிரிப் பெயரையும் குறித்தல் இன்றியமையாதது.

களப்பணியாளர்க்கு இன்னொன்று. பழைய நிலப் பதிவுகளும் மழையளவுக் குறிப்புகளும் ஐ.டி.இ. தட்டுகளில் எங்கேனும் தங்கியிருக்கலாம். புதிய தாய்ப்பலகைகளில் அந்த 40 ஊசி வாயில் இல்லை. யு.எஸ்.பி. மாற்றுக் கருவிகள் கடைகளில் கிடைக்கும் இக்காலத்திலேயே அவற்றைப் படியெடுத்து வைத்தல் வேண்டும்.