இரு வகைப் பாகப் பிரிவினை

வகுத்தால் எண் குறையும் என்பது கணக்கு. பத்துக் காணி நிலத்தை இரண்டு பிள்ளைகள் பிரித்துக் கொண்டால் ஆளுக்கு ஐந்துதான் கிடைக்கும். ஆனால் ஜீவசாஸ்திரத்திலே பிரிவதுதான் பெருகுவதற்கு வழி. நம் ஒவ்வொருவருடைய தேகமும் ஒரே ஓர் உயிரணுவாகத் தொடங்கியது. அது இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படிப் பிரிந்து பிரிந்தே பல லட்சம் கோடி உயிரணுக்கள் ஆயின.

இந்தப் பிரிவினையில் இரு வகை உண்டு. ஒன்று மைட்டோஸிஸ், மற்றொன்று மையோஸிஸ். பெயர்கள் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிப்பதால் பரீட்சைக்குப் போகும் மாணாக்கர்கள் மயங்குவது வழக்கம். நாம் அவற்றைச் சமப் பிரிவு என்றும், குன்றற் பிரிவு என்றும் நம் பாஷையிலேயே வழங்குவோம். பெயரிலேயே விஷயம் விளங்கிவிடும்.

சமப் பிரிவுக்கு உதாரணம் தேட அடுப்பங்கரையைத் தாண்ட வேண்டியதில்லை. ஒரு வெங்காயத்தை நீர் நிறைந்த குவளையின் வாயில், அடிப்பாகம் மட்டும் நனையும்படி வைத்தால், சில தினங்களில் வெண்மையான வேர்கள் இறங்கும். வேரின் நுனியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் நோக்கினால், உயிரணுக்களின் நடுவே நூல் துண்டுகளைப் போன்ற உருவங்கள் தென்படும். இவையே குரோமோஸோம்கள், குலத்தின் குணங்களை எழுதி வைத்திருக்கும் ஏடுகள். வெங்காயத்துக்கு இவை 16, மனிதருக்கு 46.

உயிரணு பிரிவதற்கு முன்பே ஒவ்வோர் ஏடும் இரண்டாகிவிடுகிறது. இரண்டில் எது மூலம், எது பிரதி என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் பாதி பழையது, பாதி புதியது. இரண்டும் ஒட்டியபடியே உயிரணுவின் நடுவில் அணிவகுத்து நிற்கும். பிறகு மெல்லிய இழைகள் இரு புறமும் இழுக்க, இணை பிரிந்து ஆளுக்கு ஒரு திசையாகச் செல்லும். பிறக்கும் இரண்டு உயிரணுக்களிலும் 16 ஏடுகள் முழுமையாக இருக்கும். ஒருவருக்கும் நஷ்டமில்லாத பாகப் பிரிவினை! 1882-ஆம் வருஷத்தில் இதற்கு மைட்டோஸிஸ் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான வால்தர் பிளெமிங். நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. காயம் ஆறுவதும், குழந்தை வளருவதும் இந்தப் பிரிவினாலேயே.

அப்படியானால் மற்றொரு பிரிவு எதற்காக? தாயின் அணுவில் 46, தந்தையின் அணுவில் 46 என்று இருந்தால் பிள்ளைக்கு 92 ஆகிவிடும், பேரனுக்கு 184. நாலு தலைமுறைக்குள் ஏட்டுச் சுமை தாங்காமல் குலமே அழிந்துபோம். ஆகவே சந்ததியை உண்டாக்கும் அணுக்கள் தோன்றும்போது மட்டும் குன்றற் பிரிவு நடைபெறுகிறது. ஏடுகள் ஒரே தடவை இரட்டிப்பாகின்றன. உயிரணுவோ அடுத்தடுத்து இரு தடவை பிரிகிறது. முதற் பிரிவில் தாய்வழி ஏடும் தந்தைவழி ஏடும் ஜோடி சேர்ந்து, தங்களுக்குள் சில துண்டுகளை மாற்றிக்கொண்டு, பின் விலகுகின்றன. இரண்டாம் பிரிவில் பிரதிகள் விலகுகின்றன. முடிவில் மனிதரின் விந்தணுவிலும் கருமுட்டையிலும் 23 ஏடுகளே இருக்கும். வெங்காயப் பூவின் மகரந்தத்தில் 8.

எந்த ஜோடியில் எந்த ஏடு எந்தப் பக்கம் போகும் என்பதற்கு நியதியில்லை. துண்டு மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே, 23 ஜோடிகள் 83,88,608 விதமாகப் பிரியக்கூடும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லாததில் என்ன வியப்பு?

இனி, இந்தப் பாடத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுதத் துணிந்ததன் காரணத்தைச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அம்மையார் இருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து, முப்பது வயதுக்கு மேல் சர்வகலாசாலைக்குச் சென்று பயின்றவர். 1905-ஆம் வருஷத்தில் அவர் மாவில் வாழும் ஒரு வண்டின் உயிரணுக்களை ஆராய்ந்தார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோஸோம்கள். ஆணில் 19 பெரியவை, ஒன்று சிறியது. குன்றற் பிரிவினால் விந்தணுக்கள் இரு வகையாகின்றன. பாதியில் அந்தச் சிறியது உண்டு, பாதியில் இல்லை. சிறியதைப் பெற்ற கரு ஆணாகும் என்று அவர் தெளிந்தார். அதே வருஷத்தில் வில்ஸன் என்ற பேராசிரியரும் தனியே ஆராய்ந்து இதையொத்த முடிவுக்கு வந்தார்.

மனிதருக்கும் இதுவே விதி. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ்; ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு சிறிய ஒய். தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸையே கொடுக்கும். அவளிடம் வேறு கிடையாது. தந்தையின் அணு எக்ஸைக் கொண்டுவந்தால் பெண், ஒய்யைக் கொண்டுவந்தால் ஆண்.

மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றாள் என்று மருமகளைக் கரித்துக் கொட்டும் வீடுகள் நம் தேசத்தில் இன்னும் இல்லாமற் போகவில்லை. அந்தப் பழியைத் தூக்கி மகன் தலையில் சுமத்த வேண்டும் என்பதன்று நம் கருத்து. ஏடு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அவனுடைய உத்தரவையும் எவரும் கேட்பதில்லை. பழி என்பதற்கே இங்கு இடமில்லை என்பதே சாஸ்திரம் கூறும் நியாயம்.

மற்றொரு செய்தியும் உண்டு. பெண்ணின் கருமுட்டைகளில் குன்றற் பிரிவு, அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, நடுவில் நின்று, பல ஆண்டுகள் கழித்துத் தொடருகிறது. நம்மை உண்டாக்கிய அணு, நம் பாட்டியின் வயிற்றிலே சிசுவாயிருந்த தாயினிடத்தில் உருவாயிற்று! பேரனைத் தரவில்லை என்று குறைப்படும் பாட்டி, பிறந்திருக்கும் பேத்தியை மடியில் எடுத்துப் பார்க்கட்டும். பின்னால் வரப்போகும் கொள்ளுப் பேரர்களுக்குத் தாய்வழிப் பாகமாகச் சேரவேண்டிய ஏடுகள் அந்தச் சிறு உடலில் இப்போதே காத்துக்கொண்டிருக்கின்றன.