‘ஏன்?’ என்று கேட்டது ஓர் அறிக்கை!

கொல்லாத துப்பாக்கி என்றார்கள்! குண்டு பாயாது, குருதி சிந்தாது. இரண்டு ஊசிகள் தைக்கும், மெல்லிய கம்பி வழியே மின்சாரம் ஓடும். ஐந்து விநாடியில் ஆள் விழுவான், அடங்குவான், பிறகு எழுவான் என்றார்கள். நம்பினர் பலர். நம்புவது எளிது, தோழர்களே! கேட்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

2007 அக்டோபர் 14. கனடா நாட்டு வான்கூவர் விமான நிலையம். தாயோடு வாழப் போலந்திலிருந்து வந்த ராபர்ட் ஜெகான்ஸ்கி, வயது 40, பத்து மணி நேரத்துக்கும் மேலாக அங்கே அலைந்துகொண்டிருந்தார். ஆங்கிலம் அறியார். வெளியே காத்திருந்த அன்னையோ, மகன் அங்கில்லை என்ற மறுமொழி கேட்டு மனமுடைந்து ஊர் திரும்பிவிட்டார். களைப்பு, கலக்கம், தவிப்பு! பொருள்களைத் தூக்கி எறிந்தார் ஜெகான்ஸ்கி. வந்தனர் காவலர் நால்வர். அவர் மொழியறிந்த ஒருவரை அழைத்தனரா? இல்லை. அரை நிமிடத்துக்குள் டேசர் என்னும் மின்னதிர்ச்சித் துப்பாக்கி பேசியது. ஐந்து முறை விசை அழுத்தப்பட்டது. தரையிலேயே முடிந்தது அவர் வாழ்வு. அவர் கையில் இருந்த பயங்கரப் படைக்கலம் எது? காகிதம் தைக்கும் ஸ்டேப்ளர்!

பயணி ஒருவர் எடுத்த படம் வெளிவந்தது, நாடு கொதித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையில் பொதுவிசாரணை அமைத்தது பிரிட்டிஷ் கொலம்பியா மாநில அரசு. 2009-இல் முதல் அறிக்கை வந்தது. இந்தக் கருவி உயிரைப் பறிக்கக்கூடும், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்றது. தக்க சோதனையின்றியே காவலர் கைக்கு அது வந்த கதையையும் வெளிப்படுத்தியது. அறிக்கையின் முடிவுகளை நீக்கக் கோரி வழக்குமன்றம் ஏறியது கருவி செய்த நிறுவனம். 2010-இல் தள்ளுபடியாயிற்று வழக்கு!

அதே ஆண்டில் வந்தது இரண்டாம் அறிக்கை. அதன் தலைப்பே ‘ஏன்?’ என்பதுதான். அந்த ஒரு சொல்லின் முன்னே சீருடை நடுங்கிற்று. ஆயுதம் பயன்படுத்தியது நியாயமன்று, காவலர் கூறிய காரணங்கள் நம்பத்தக்கனவல்ல என்று தீர்த்துரைத்தார் பிரெய்ட்வுட். விசாரணையில் பொய்யுரைத்த குற்றத்துக்காக நால்வரில் இருவர் பின்னர்த் தண்டனை பெற்றனர். ஆனால் அந்தச் சாவுக்காகத் தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை. பொய்க்கு விலை உண்டு, உயிருக்கு இல்லையா?

“துப்பாக்கிக் குண்டைவிட இது மேலல்லவா?” என்பர் சிலர். மேல்தான், மறுக்கவில்லை நாம். குண்டு பாயவேண்டிய இடத்தில் இது பாய்ந்தால் ஓர் உயிர் தப்பக்கூடும். பிரெய்ட்வுட்டும் இக்கருவியை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. ஒருவர் உடலுக்குத் தீங்கிழைக்கும்போதோ, உடனே இழைக்கப்போகும்போதோ மட்டுமே பயன்படுத்துக என்று எல்லை வகுத்தார். ஆனால் வான்கூவரில் அது எதன் இடத்தைப் பிடித்தது? துப்பாக்கியின் இடத்தையா? இல்லை! பேச்சின் இடத்தை, பொறுமையின் இடத்தை, ஒரு குவளைத் தண்ணீரின் இடத்தை! ‘கொல்லாது’ என்ற பெயர் தந்த துணிவே கையை விசைக்கு விரைவித்தது. பெயர் அளித்த பாதுகாப்பு காவலருக்கு. பெயர் பறித்த உயிர் எளியவருடையது.

அறிவியல் விளைத்த கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆராயாமல் ஏற்பதையே எதிர்க்கிறோம். ‘வேதம் சொல்லிற்று, கேளாதே’ என்பதும் ‘கம்பெனி சொல்லிற்று, கேளாதே’ என்பதும் ஒரே குருட்டு நம்பிக்கையின் இரு வடிவங்களே. இளைஞர்களே! காவல் நிலையத்துக்குள் நுழையும் ஒவ்வொரு புதுக் கருவியையும் பார்த்துக் கேளுங்கள்: சோதித்தவர் யார்? விற்பவரா, வேறொருவரா? எல்லை வகுத்தவர் யார்? மீறினால் மறுமொழி சொல்பவர் யார்?

பிணம் விழுந்த பின்பு ஓர் அரசு கேட்ட கேள்வியை, விழுவதற்கு முன்பே கேட்பதுதான் பகுத்தறிவு!