எண்ணெய்க் கறையும் பெற்றோல் போத்தலும்



கரும்பலகையில் ஆசிரியர் ஒரு பிழையை எழுதிவிட்டால், அதே கரும்பலகையில் எல்லோரும் காணும்படி அதனை அழித்துத் திருத்தவேண்டும். பிள்ளைகளின் கொப்பியில் இரகசியமாகத் திருத்திவிட்டுப் போவது அழகன்று. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்கள் என்ற முறையில் இவ்வாரம் அத்தகைய ஒரு திருத்தத்தை இப்பத்தியில் எழுதவேண்டிய நிலையில் இருக்கின்றோம்.

சில வாரங்களுக்கு முன்னர் ஸ்காபரோவில் ஒரு சாமத்தியச் சடங்கில் எமது பழைய மாணவர் ஒருவரின் மனைவியைச் சந்தித்தோம். மாணவர் இங்கு ஒரு வாகனம் திருத்துமிடத்தில் வேலை செய்கின்றார். எமது வகுப்பில் புவியியலிலே எப்போதும் பின்வரிசையில் நின்ற பிள்ளை. ஆனால் பழுதான ஒலிபெருக்கியை ஒரு நாணயத்தைக்கொண்டே திருத்திவிடுவார். அவருடைய நீலநிற வேலை உடுப்பிலுள்ள ஒயிலும் கிறீசும் எத்தனை தரம் தோய்த்தாலும் போகவில்லை என்றும், அந்த மணத்துக்காகவே தம் கணவர் வேலை முடிந்து நேரே பிள்ளையின் பாடசாலைக்குச் செல்ல வெட்கப்படுகின்றார் என்றும் அந்தப் பிள்ளை வருத்தத்தோடு கூறினார். நாமும் சற்றும் யோசியாமல், "பெற்றோலில் நனைத்துத் தேயுங்கள், பிள்ளை. எங்கள் அம்மா அப்படித்தான் செய்வா" என்று கூறிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குச் சென்றுவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை மாணவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ரீச்சர், கோவிக்கக்கூடாது. பெற்றோல் போடச்சொல்லி நீங்கள்தானோ சொன்னனீங்கள்?"

அவர்கள் குடியிருப்பது பேஸ்மென்ற் என்று நாம் எல்லோரும் அழைக்கும் நிலக்கீழ் வீடு. சலவை இயந்திரமும், உடுப்பு உலர்த்தும் இயந்திரமும், எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கலனும் ஒரே சிறிய அறைக்குள் இருக்கின்றன. அங்கே ஒரு வாளியில் பெற்றோலை ஊற்றி உடுப்பை ஊறவைத்திருக்கின்றார் அந்தப் பிள்ளை. கலனின் அடியில் ஒரு சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. நல்லகாலம், மாணவர் அன்று வழமைக்கு முன்னதாக வீடு வந்தார். வாசலிலேயே மணம் முகத்தில் அடித்தது. மின்விளக்கின் ஆளியைக்கூடத் தொடாமல், இருட்டிலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி வெளியே வைத்துவிட்டு, மனைவியையும் பிள்ளையையும் வெளியேற்றிக் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டிருக்கின்றார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை.

அந்த ஆலோசனை எமக்கு எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப்பார்த்தோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் படிப்பித்த காலத்தில் நாம் துவிச்சக்கரவண்டியில்தான் பாடசாலைக்குப் போய்வந்தோம். சேலைக் கரை சங்கிலியில் சிக்காத ஆசிரியை அந்நாளில் இருந்திருக்கமாட்டார். வெள்ளை நூற்சேலையில் கறுத்த கிறீஸ் படிந்தால் அம்மா கிணற்றடிக்குக் கொண்டுபோய், மண்ணெண்ணெயில் ஒரு சிறு துணியைத் தோய்த்து மெல்ல ஒற்றியெடுப்பார். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் மருந்துபோல் ஆயிற்று. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை முடுக்கிவிட மட்டும் சில துளி பெற்றோல் போதும் என்று சிறிய போத்தலில் வைத்திருந்தார்கள். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்களும் நாமே. ஆகவே, பெற்றோல் கறையைப் போக்கும் என்பது பொய்யன்று. எண்ணெயை எண்ணெய் கரைக்கும். ஆனால் அந்தக் கிணற்றடிக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. தென்னோலையூடே காற்று வந்து மணத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. நாம் சுமந்து வந்த அறிவில் அந்தக் காற்றையும் சேர்த்துச் சுமந்து வர மறந்துவிட்டோம்.

எம்மோடு படிப்பித்த இரசாயன ஆசிரியர் ஒருவர் இப்போது ஐரோப்பாவில் வாழ்கின்றார். கலைப்பட்டதாரிகளான எம்மைப் பார்த்து நகைப்பதற்கு ஒரு வாய்ப்பும் தவறவிடாத அவரிடம் இம்முறை நாமாகவே அழைத்து விளக்கம் கேட்டோம். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியசு அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும் என்றார். அதாவது ரொறன்ரோவின் மாரிக் குளிருக்கும் அது அடங்காது. மண்ணெண்ணெய்க்கு அந்த வெப்பநிலை சுமார் 38 பாகை. பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. அது மேலெழுந்து யன்னலால் போய்விடாமல் நிலத்தோடு படர்ந்து, தாழ்வான இடத்தில் தேங்கி, அறையின் மறுபக்கத்திலுள்ள சுடரைத் தேடிச் செல்லும். நிலக்கீழ் வீடு என்பதோ தாழ்வான இடமேயன்றி வேறென்ன!

ஐரோப்பியரும் இப்பாடத்தைச் சுட்டுத்தான் கற்றார்கள். உலர்சலவை தோன்றிய கதையாகப் பாரிசிலே ஜோலி என்பவரின் மேசை விரிப்பில் விளக்கெண்ணெய் கொட்டுண்டு, கொட்டுண்ட இடம் மட்டும் வெளுத்துக் காணப்பட்டது என்று சொல்வார்கள். அதன்பின் பல காலம் பெற்றோலியத் திரவங்களையே சலவைக்காரர் பயன்படுத்தினர், தீவிபத்துகளும் தொடர்ந்தன. எளிதில் தீப்பற்றாத வேறு இரசாயனங்களுக்கு அவர்கள் மாறியமைக்கு அதுவே முதற்காரணம். தொழில் செய்தவர்களே கைவிட்ட ஒன்றை நாம் குசினியிலும் குளியலறையிலும் தொடர்வது எவ்வாறு பொருந்தும்?

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். மாணவரின் உடுப்பை வாங்கிவந்து நாமே எமது வீட்டில் செய்து பார்த்தபின்னரே இதனை எழுதுகின்றோம்.

முதலாவதாக, கறை பட்டவுடன் தண்ணீரை நாடவேண்டாம். இதுவே பெரும்பாலானோர் விடும் தவறு. ஈரமான நூலுக்குள் சவர்க்காரம் எண்ணெயை எளிதில் நெருங்காது. கிறீஸ் கட்டியாக இருந்தால் கூரற்ற கத்தியால் அல்லது பழைய வங்கி அட்டையின் ஓரத்தால் வழித்தெடுக்கவேண்டும். தேய்த்தால் அது பரவும். பின்னர் வெள்ளைச் சோக்கைப் பொடிசெய்து கறையின்மேல் தடிப்பாகத் தூவி அரைமணி நேரம் விடவேண்டும். (வர்ணச் சோக்கு வேண்டாம், ஒரு கறைக்குப் பதில் இரண்டாகும்.) சோக்கு இல்லாத வீட்டில் சோளமாவோ, முகத்துக்குப் பூசும் பவுடரோ அதே வேலையைச் செய்யும். தூள் எண்ணெயை உறிஞ்சிக் கறுத்தவுடன் தட்டிவிட்டு, மறுபடியும் ஒருமுறை தூவலாம்.

அடுத்து, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம். விலை கூடிய எந்தக் கறைநீக்கியையும் விட இது எமக்கு உதவியது. 1971இல் சான் பிரான்சிஸ்கோ குடாவில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டபின் அங்கே கடற்பறவைகளைக் காக்கும் பணி தொடங்கியது. பறவைகளின் இறகிலிருந்து எண்ணெயைக் கழுவ அவர்கள் பலவற்றையும் சோதித்து இறுதியில் தேர்ந்தது இத்தகைய பாத்திரச் சவர்க்காரத்தையே. இதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனைகள். ஒன்று எண்ணெயைப் பற்றும், மற்றது தண்ணீரைப் பற்றும். இரண்டு பகைவர்க்கிடையில் சமாதானம் பேசுபவர்போல் நின்று எண்ணெயைச் சிறு துளிகளாக்கித் தண்ணீரோடு அனுப்பிவைக்கும்.

உலர்ந்த கறையின்மேல் இதனை ஊற்றி, விரல் நுனியால் அல்லது பழைய பற்தூரிகையால் மெல்லத் தேய்க்கவேண்டும். கறைக்கு அடியில் ஒரு கடதாசித் துவாயை மடித்து வைத்துக்கொண்டு, உடுப்பின் மறுபக்கத்திலிருந்து தேய்ப்பது சிறந்தது. வந்த வழியாலேயே எண்ணெய் திரும்பிப் போகும். அரைமணி நேரம் ஊறவிட்டு, உடுப்பின் கழுத்துப்பட்டியில் தைத்துள்ள துண்டு அனுமதிக்கும் அளவுக்குச் சூடான நீரில் அலசவேண்டும். எமக்கு முதல்தரத்தில் பாதிதான் போயிற்று. மூன்று தரம் செய்தோம்.

கிறீசைப்பற்றி ஒரு செய்தி எம்மை வியக்கவைத்தது. கிறீஸ் என்பதில் பெரும்பகுதி எண்ணெய். அதனைக் கெட்டியாக நிறுத்துவது ஒருவகைச் சவர்க்காரமேயாம். இன்று வாகனங்களுக்குப் பூசப்படும் கிறீசில் பெருவழக்கானது 1942இல் காப்புரிமை பெற்ற லிதியச் சவர்க்காரக் கிறீஸ். அப்படியானால் அது தானே கழுவிக்கொள்ளாதா என்று கேட்டோம். அது நீரில் கரையாத சவர்க்காரம் என்றார் நண்பர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரில் சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் வெள்ளையாகத் திரைந்து வாளியில் ஒட்டுமே, அதனுடைய உறவினர் என்று சொல்லலாம். அதனால்தான் கிறீஸ், ஒயிலைவிடப் பிடிவாதமானது.

நாட்பட்டு இறுகிய கிறீசுக்கு அம்மா செய்த மற்றொரு வழி இங்கும் பொருந்தும். சிறிது தேங்காயெண்ணெயைக் கறையில் தடவி இளகவிட்டு, அதன்பின் மேற்சொன்னவாறு சவர்க்காரம் போட்டால் இரண்டும் சேர்ந்து போகும். வாகனத் திருத்துநர்கள் கைகழுவும் வெண்களிம்பும் நல்லது. மணல்போல் உரசும் வகையைத் தவிர்க்கவும். பொலியெஸ்ரர் கலந்த துணி எண்ணெயை விரும்பிப் பிடித்துவைக்கும். பருத்தி ஓரளவு விட்டுக்கொடுக்கும். பட்டுச் சேலையில் மட்டும் இவற்றில் எதனையும் செய்யவேண்டாம். தூளைத் தூவிவிட்டு உலர்சலவைக்காரரிடம் ஒப்படைக்கவும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உலர்த்தும் இயந்திரம். கறை முற்றாகப் போனதென்று வெளிச்சத்தில் பார்த்து உறுதிசெய்யும்வரை உடுப்பைக் கொடியில்தான் காயவிடவேண்டும். ஈரத்தில் கறை மறைந்திருக்கும். காய்ந்தபின்தான் முகம் காட்டும். இயந்திரத்தின் சூடு எஞ்சிய எண்ணெயை நூலுக்குள் சுட்டுப் பதித்துவிடும். அது சிறிய நட்டம். பெற்றோலோ, தின்னரோ, வேறு கரைதிரவமோ பட்ட உடுப்பை, தோய்த்த பின்னராயினும் அவ்வியந்திரத்துள் போட்டால் உள்ளே தங்கிய ஆவி தீப்பிடிக்கும். சலவை இயந்திரமும் அவ்வாறே. அவ்வியந்திரங்களின் மூடியிலேயே இந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கின்றது. இத்தனை ஆண்டுகளாக அதனை வாசிக்காமல் நாணயம் போட்டுக்கொண்டிருந்தோம்.

மாணவரிடம் நாம் கண்டித்த இன்னொன்று உண்டு. கைதுடைக்கும் எண்ணெய்த் துணியைக் காற்சட்டைப் பையில் செருகிவைப்பது அவர் வழக்கம். இங்கிலாந்தின் லங்கஷயர் பஞ்சாலைகளில் நூல்நூற்கும் இயந்திரத்தின் எண்ணெய் தொழிலாளரின் காற்சட்டையில் ஊறி, ஆண்டுக்கணக்கில் தோலோடு உரசியதால் பலருக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. 1953இல் அதற்கெனத் தனிச் சட்டவிதிகளே அங்கு இயற்றப்பட்டன. இன்றைய சுத்திகரித்த எண்ணெய் அந்நாளைய எண்ணெயைப் போன்றதன்று. எனினும் இயந்திரத்தில் எரிந்து கறுத்த பழைய ஒயில், தோலுக்குத் தீங்கானதே. ஆகவே வேலை உடுப்பை வேலைத்தலத்திலேயே மாற்றி, தனிப்பையில் கொண்டுவந்து, பிள்ளையின் உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோய்க்கும்படி கூறினோம். மாற்றுடுப்போடு நேரே பாடசாலைக்கும் போகலாமல்லவா என்று நாம் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. "நகம் கறுப்பாய்த்தானே கிடக்கும், ரீச்சர்" என்றார். கறுத்த நகத்தோடு வந்த தகப்பன்மாரின் பிள்ளைகள் பலரை நாம் படிப்பித்திருக்கின்றோம். அவர்களில் எவரும் தகப்பனைக் கண்டு ஒளித்ததாக எமக்கு நினைவில்லை. அதனையே அவரிடம் கூறினோம்.

நீல உடுப்பைச் சென்ற ஞாயிறு திருப்பிக் கொடுத்தோம். இடது முழங்கையில் ஒரு சாம்பல்நிற நிழல் எஞ்சியிருந்தது. அது ஒயிலன்று, ஒயிலோடு வந்த கரித்தூளாம். வாளியில் மிஞ்சிய பெற்றோலை வடிகாலில் ஊற்றாமல், மூடியுள்ள கலத்தில் அடைத்து, நகரசபையின் ஆபத்தான கழிவுகள் சேகரிக்கும் நிலையத்துக்கு மாணவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நாமும் உடன் சென்றிருந்தோம்.