கங்கையில் கரைந்த சாம்பலும் கழித்துக் கட்டிய இசைத்தட்டும்

கங்கையில் எத்தனையோ பேருடைய அஸ்தி கரைக்கப்படுகிறது. காசிக்குப் போய் வந்த மதுரைக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு வாத்தியக்காரரின் அஸ்தியும் கங்கையில் கரைந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் சார்லஸ் மிங்கஸ். கறுப்பு இனத்தவர். ஆள் உயரம் இருக்கும் பெரிய பிடில் ஒன்றை நிறுத்தி வைத்து, தந்தியை விரலால் சுண்டி வாசிப்பார். அந்த வாத்தியத்துக்கு 'பேஸ்' என்று பெயர். 1979-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, மெக்சிகோ நாட்டில் அவர் இறந்தார். வயது 56. தன் சாம்பலைக் கங்கையில் தூவ வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவருடைய மனைவி நிறைவேற்றினார்.

இந்த மிங்கஸ், சாகும் தறுவாயில் ஒரு பெண்ணுடன் சேர்ந்து சில பாட்டுக்களை உருவாக்கினார். அதே ஆண்டு ஜூன் மாதம் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. தட்டின் பெயரும் 'மிங்கஸ்' தான். வந்த சூட்டோடு பலர் அதைக் கழித்துக் கட்டினார்கள். "இது நாட்டுப்பாட்டும் இல்லை, ஜாஸும் இல்லை" என்பது அவர்கள் பேச்சின் சாரம்.

அந்தத் தீர்ப்பு சரிதானா?

கைக்கேற்ற சுருதி

அந்தப் பெண்ணின் பெயர் ஜோனி மிட்செல். கனடா நாட்டுக்காரர். பிறந்தது 1943-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி. (நம் இளையராஜா பிறந்ததும் அதே 1943-ல்தான். பண்ணைப்புரம் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது.)

9 வயதில் ஜோனிக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கையில் பலம் குறைந்துவிட்டது. கிடார் வாசிப்பவர்களுக்கு இடது கை முக்கியம். தந்திகளை அழுத்திப் பிடிப்பது அந்தக் கைதான். ஜோனி என்ன செய்தார்? விரலுக்கு எட்டாத பிடிகளோடு மல்லுக்கட்டவில்லை. தந்திகளின் சுருதியையே தன் கைக்குத் தக்கபடி மாற்றிக் கட்டிக்கொண்டார். ஒரு பாட்டுக்கு ஒரு விதம், அடுத்த பாட்டுக்கு வேறு விதம். அதில் பிறந்த ஓசை வேறு யாரிடமும் கேட்காத ஓசையாக இருந்தது.

ஒரு கிடார், ஒரு குரல். சொல்லும் தன்னுடையது, மெட்டும் தன்னுடையது. நாட்டுப்பாட்டு வழியில் வந்தவர் என்று எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். 1971-ல் வந்த 'புளூ' என்ற தட்டு அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. 1974-ல் வந்த 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 2-வது இடம் வரை போயிற்று. அதிலேயே ஜாஸ் வாத்தியக்காரர்கள் சிலர் துணைக்கு வாசித்தார்கள். மெட்டு பழக்கமான மெட்டாக இருந்ததால் யாரும் கோபப்படவில்லை.

கோபம் 1975-ல் வந்தது. 'தி ஹிஸ்ஸிங் ஆப் சம்மர் லான்ஸ்' என்று ஒரு தட்டு. அதில் ஒரு பாட்டுக்கு ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டு முரசு ஒலித்தது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் விமர்சகர், பாட்டின் சொற்களை மெச்சிவிட்டு, இசையில் சரக்கில்லை என்று எழுதினார். (பின்னாளில் பிரின்ஸ் என்ற புகழ் பெற்ற பாடகர், அந்தத் தட்டின் மீது தனக்கு இருந்த பிரியத்தை வெளிப்படையாகவே சொன்னார்.)

ஜாஸ் என்பது என்ன?

அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊர். அங்கே கறுப்பு இன மக்களிடையே பிறந்த சங்கீதம் ஜாஸ். ஒரு மெட்டை எடுத்துக்கொள்வார்கள். அதை ஒரு தடவை வாசித்துக் காட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு வாத்தியக்காரரும் அந்த இடத்திலேயே தம் மனதில் தோன்றியபடி அதை விரித்துக்கொண்டு போவார். நம் கச்சேரிகளில் கற்பனை ஸ்வரம் பாடுவது போல. நேற்று வாசித்தது போல் இன்று வாசித்தால் அவருக்கு மதிப்பில்லை.

மிங்கஸ் இந்தக் கலையில் மன்னர். கோபக்காரர் என்றும் பெயர் எடுத்தவர். கோபத்துக்குக் காரணமும் உண்டு. 1957-ல் ஆர்க்கன்சாஸ் மாநில கவர்னர் பாபஸ் என்பவர், கறுப்புப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கூடத்தில் நுழையவிடாமல் தடுத்தார். அந்தக் கவர்னரைக் கேலி செய்தே மிங்கஸ் ஓர் இசை அமைத்தார்.

அப்படிப்பட்டவருக்கு 1977-ல் ஒரு கொடிய நோய் வந்தது. உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயல் இழக்கும் நோய். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியம் வாசித்த விரல்கள் அசையவில்லை. குரல் மட்டும் இருந்தது. மெட்டை வாயால் பாடி, ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்தார்.

அந்த நிலையில்தான் ஜோனியின் ஒரு நீண்ட பாட்டைக் கேட்டார். இந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் இருக்கிறது என்று பட்டது. ஆள் அனுப்பினார். 1978-ல் அவரே ஜோனிக்காக ஆறு மெட்டுக்கள் போட்டார். அவற்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. 'ஜோனி ஒன்று', 'ஜோனி இரண்டு' என்று எண் போட்டதோடு சரி.

கேட்பவர் காதில் விழுந்த ஒப்பாரி

ஜோனி, நியூயார்க்கில் மிங்கஸின் வீட்டுக்குப் போனார். மெக்சிகோவுக்கும் போனார். மெட்டுக்களுக்குச் சொல் எழுதினார். முதலில் பல பெரிய வாத்தியக்காரர்களை வைத்துப் பதிந்து பார்த்தார். நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமுடன் 'சக்தி' குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்ளினும் அவர்களில் ஒருவர். அந்தப் பதிவுகள் ஜோனிக்குத் திருப்தி தரவில்லை. தள்ளிவிட்டார். பிறகு ஜாகோ பாஸ்டோரியஸ், வெய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹான்காக் முதலியவர்களை வைத்துப் புதிதாகப் பதிந்தார்.

தட்டில் உள்ள முழுப் பாட்டுக்கள் ஆறே ஆறு. நான்கு மிங்கஸின் மெட்டு. இரண்டு ஜோனியின் மெட்டு. இடையிடையே மிங்கஸின் பேச்சுத் துணுக்குகள். பிறந்தநாள் விருந்தில் பேசியது ஒன்று. தன் சாவுச் சடங்கைப் பற்றிப் பேசுவது ஒன்று.

இந்தத் தட்டின் உயிர் எங்கே இருக்கிறது? 'எ சேர் இன் தி ஸ்கை' என்ற பாட்டில் இருக்கிறது. 'ஆகாயத்தில் ஒரு நாற்காலி' என்று பொருள். உயரமான ஒரு மாடி வீடு. சக்கர நாற்காலி. அதில் உட்கார்ந்து நகரத்தைப் பார்க்கும் மனிதர். அந்த மனிதரே பேசுவது போல ஜோனி பாடுகிறார்.

நம் பக்கத்துக் கிராமங்களில் ஒப்பாரி உண்டு. கிழவிகள் வட்டமாக உட்கார்ந்து இறந்தவரின் குணத்தையும் கஷ்டத்தையும் பாட்டாகச் சொல்லி அழுவார்கள். கேட்கிற ஊரார் கண் கலங்குவார்கள். இறந்தவர் கேட்பதில்லை. இங்கே கதை வேறு. ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருடைய சாவை அவருடைய வாயாலேயே சொல்வது போல ஒரு பாட்டு. அதை அவரே கேட்டார்! தட்டில் ஒரே ஒரு பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மிங்கஸ் கேட்டுவிட்டார். அந்த ஒரு பாட்டு, அவர் இறந்த இரண்டு நாள் கழித்து முடிந்தது.

இப்படி ஒரு வேலையை ஒப்புக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! விமர்சகர்களில் பலர் இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. 'பழைய பாட்டு போல் பல்லவி இருக்கிறதா? திரும்பத் திரும்பப் பாட வருகிறதா?' என்று தேடினார்கள். இல்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். ஜாஸ் ரசிகர்களிலோ சிலர், வெள்ளைக்காரப் பாட்டுக்காரிக்கு இந்த இடத்தில் என்ன வேலை என்று முகம் சுளித்தார்கள். விற்பனைப் பட்டியலில் 17-வது இடத்தோடு தட்டு நின்றுவிட்டது.

மதுரைக் காது

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ரசிகர்களைத் திணற அடித்த இதே விஷயங்கள் நம் ஊர்க் காதுக்கு அவ்வளவு அந்நியம் இல்லை.

விருத்தம் கேட்டுப் பழகியவர்கள் நாம். தாளக்கட்டு இல்லாமல் பாடகர் சொல்லை நீட்டுவார். வயலின்காரர் பின்னாலேயே வருவார். அவசரம் கிடையாது. ஜோனி பாடும் முறையும் ஏறக்குறைய அதுதான். பாஸ்டோரியஸ் வாசிக்கும் பேஸ், கட்டைகள் இல்லாத பேஸ். விரலை ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறார். கமகம் தெரிந்தவர்களுக்கு அது புதிதா?

வேறு ஊர்ச் சங்கீதத்தைச் சேர்த்துக்கொள்வதும் மதுரைக்குப் புதிதில்லை. சிம்மக்கல் பக்கம் கல்யாண ஊர்வலம் வந்தால் முன்னால் பேண்டு செட்டில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் முழங்கும். மேல்நாட்டு வாத்தியம் என்று யாராவது எழுந்து போகிறார்களா? ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 'இங்கிலீஷ் நோட்டு' என்று ஒன்று அமைத்தார். அவருடைய சீடர் மதுரை மணி ஐயர் அதைக் கச்சேரிக்குக் கச்சேரி பாடினார். அதைப் பாடாமல் விட்டால் ரசிகர்களுக்குத்தான் குறை. 1986-ல் இளையராஜா, தியாகராஜ சுவாமிகளையும் ஜெர்மனியின் பாக் என்ற மேதையையும் ஒரே தட்டில் வணங்கினார். 'ஹவ் டு நேம் இட்' என்று அதற்குப் பெயர். 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்பது பொருள். 'மிங்கஸ்' தட்டைக் கேட்டவர்களும் 1979-ல் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆனால் எரிச்சலோடு கேட்டார்கள்.

'மிங்கஸ்' குறையே இல்லாத தட்டு என்று சொல்வதற்கில்லை. பேச்சுத் துணுக்குகள் சில இடங்களில் பாட்டின் மயக்கத்தைக் கலைக்கின்றன. ஒரு பாட்டில் ஓநாய்களின் ஊளை வருகிறது. உண்மையான ஊளைதான். ஆனாலும் அந்தப் பாட்டு மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. மொத்தமே சுமார் 37 நிமிஷம் ஓடும் தட்டு. அதற்குள் இவ்வளவு இடைவெளி வேண்டாம். விமர்சகர்கள் இந்த அளவில் நிறுத்தியிருந்தால் அவர்களோடு சண்டை இல்லை. அவர்கள் கலைஞரிடம் பழைய சரக்கையே கேட்டார்கள். அங்கேதான் பிசகிவிட்டது. பலகாரக் கடையில் கேட்பது போல, "நேற்றுக் கொடுத்ததையே கொடு" என்று பாட்டுக்காரரிடம் கேட்கலாமா?

காலம் மெல்ல மெல்லக் கணக்கைத் திருத்தியது. மிங்கஸ் தட்டில் வாசித்த அதே ஹெர்பி ஹான்காக், 2007-ல் ஜோனியின் பாட்டுக்களை ஜாஸ் வாத்தியங்களில் வாசித்து 'ரிவர்: தி ஜோனி லெட்டர்ஸ்' என்ற தட்டை வெளியிட்டார். 2008 பிப்ரவரியில் அதற்கு ஆண்டின் சிறந்த தட்டு என்ற கிராமி பரிசு கிடைத்தது. 43 ஆண்டுகளாக எந்த ஜாஸ் தட்டுக்கும் கிடைக்காத பரிசு அது. "இவளுக்கு ஜாஸில் என்ன வேலை?" என்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் என்ன வேண்டும்?

2015-ல் ஜோனிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. நடையும் பேச்சும் போய், திரும்பப் பழக வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்பாட்டு விழா மேடையில் உட்கார்ந்து பாடினார். 2024-ல் அவருடைய பழைய பதிவுகளின் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. 'மிங்கஸ்' காலத்து ஆரம்பப் பதிவுகள் சில அதில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் சீந்தாமல் விட்டதை இப்போது தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள்.

தட்டு தேடி அலைய வேண்டியதில்லை. இப்போது கைப்பேசியிலேயே கேட்கலாம். ஆனால் முதல் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். கடைசிப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதன் பெயர் 'குட்பை போர்க் பை ஹாட்'. லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் மேதை எப்போதும் ஒரு தட்டைத் தொப்பி அணிவார். அந்தத் தொப்பியின் பெயர்தான் அது. 1959-ல் அவர் இறந்தபோது மிங்கஸ் அந்த இசையை அமைத்தார். சொல் இல்லாத இசை. 20 ஆண்டு கழித்து ஜோனி அதற்குச் சொல் எழுதினார்.

கடைசி அடி மட்டும் அவருக்கு வரவே இல்லை. ஒரு நாள் இரவு நியூயார்க்கில் சுரங்க ரயிலில் போகும்போது, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். தெருவில் கூட்டம். நடுவில் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜோனி நிமிர்ந்து பார்த்தார். எதிரே இருந்த மதுக்கடையின் பெயர்ப்பலகையில் அந்தத் தொப்பியின் பெயர் எழுதியிருந்தது. உள்ளே லெஸ்டர் யங்கின் படங்கள் தொங்கின. வீட்டுக்குப் போய் ஜோனி அந்தச் சிறுவர்களையே கடைசி அடியாக எழுதி முடித்தார்.